மேட்டு வீட்டு வெளிச்சம்

ஜக்நந்தன் தன் வீட்டில் சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் அங்கே வருவதில்லை. கரும்புக்காட்டுக்கு அப்பால், மேட்டின் மேல், கம்பமோ கம்பியோ எட்டிப் பார்க்காத அவன் அண்ணன் வீட்டில் வருகிறது. தோகாலே கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும். லம்பாசா டவுனிலிருந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறவர்கள் அந்த வளைவில் ஒரு தரம் மேட்டை நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு, கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததைப் பற்றிய பேச்சை விட்ட இடத்தில் தொடர்வார்கள்.

அண்ணன் பெயர் தேவ்நாராயண். அப்பா மழைக்காலக் காய்ச்சலில் போனபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணமும் செய்துவைத்தது தேவ்நாராயணும் அவன் மனைவி பூல்மதியும்தான். குத்தகை நிலத்தைப் பிரிக்கும் நாள் வந்தபோது சாலையோர வீடு மூத்தவனுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஜக்நந்தனின் மனைவி சுமிந்திரா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. யாங்கோனா வேர்ப்பொடியைக் குடிக்கக் கலக்கி வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்த பங்காளிகள் முன்னால் அவன் கைகூப்பினான். "அண்ணே, நீங்க மேட்டுல கட்டிக்கோங்க. நல்ல காத்து, வெள்ளமும் ஏறாது. இவ இந்த நிலைமைல அங்க ஏறி இறங்க முடியாது." கரெண்ட் வந்தால் மேட்டுக்கு எப்படிப் போகும் என்று ஒரு பங்காளி கேட்டார். ஜக்நந்தன் சிரித்தான். "கம்பம் என் கரும்புக்குள்ளதானே வரணும்? வரட்டும். வேணும்னா என் நெஞ்சு மேலயே நடட்டும்." தேவ்நாராயண் யாங்கோனாச் சிரட்டையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். அதோடு பிரிவினை முடிந்தது.

மேட்டு வீட்டைக் கட்ட இரண்டு வறட்சிக்காலம் ஆயிற்று. பலகையையும் தகரத்தையும் காளைகள் இழுத்துக்கொண்டு ஏறின. கரெண்ட் எப்படியும் வந்துவிடும் என்று டவுனிலிருந்து ஆளை அழைத்துவந்து சுவருக்குள் ஒயர் ஓட்டி, அறைக்கு அறை பல்பும் மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் பூல்மதி ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு தடவையும் எரிந்திராத அந்த பல்புகளைத் துடைத்துவைத்தாள். அவர்கள் மகன் படித்து முடித்து ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனான். தேவ்நாராயணுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஊசியில் நின்றது. இன்சுலின் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். சாலையோர வீட்டில்தான் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் இருந்தது. தினமும் காலையில் பூல்மதி கரும்புக்குள் இறங்கிப் போவாள். கொழுந்தன் வீட்டுச் சமையலறையில் செருப்பைக் கழற்றி நின்று, சுமிந்திரா ஃபிரிட்ஜைத் திறக்கும்வரை காத்திருப்பாள்.

ஒருவழியாக மின்சார ஆபீஸ் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்தது. லாரியில் கம்பங்கள் வந்து இறங்கிய காலையில் தேவ்நாராயண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். பூல்மதி ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்கு வதக்கி, பெரிய கெட்டிலில் தேநீர் போட்டு, வேலையாட்களுக்காகச் சுமந்துகொண்டு இறங்கினாள். அவள் கரும்பை விட்டு வெளியே வந்தபோது சாலையோர வீட்டுக்கு ஒரே ஒரு கம்பம் நட்டு முடிந்திருந்தது. மற்றவற்றைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி அவள் கையிலிருந்த கெட்டிலைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "அம்மா, நீங்கதான் ஆக்லாந்துக்குக் குடி போறீங்களாமே? மேட்டு வீடு காலியாகப்போகுது, கம்பம் வேண்டாம், கரும்புக்குள்ள நட விடமாட்டேன்னு உங்க கொழுந்தன் சொல்லிட்டாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கறாங்க, அங்க கொண்டுபோறோம்."

ஜக்நந்தன் தன் வாசலிலேயே நின்றிருந்தான். பூல்மதி அவனைப் பார்த்தாள். "நாங்க எப்படா போறோம்னு சொன்னோம்?"

"எப்படியும் ஒருநாள் போகத்தானே போறீங்க, அண்ணி. மகன் அங்க, அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. இருட்டுல கெடந்து எத்தனை நாள் கஷ்டப்படுவீங்க? மேட்டை எனக்கு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா போங்களேன்."

அந்தப் பக்கத்தில் வெள்ளம் ஏறாத நிலம் மேடு ஒன்றுதான். ஜக்நந்தனின் மகனும் தனி வீடு கட்டும் வயதுக்கு வந்துகொண்டிருந்தான். பூல்மதிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வேலையாட்களுக்குத் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் தலைகுனிந்து குடித்தார்கள். காலிக் கெட்டிலோடு மேடு ஏறினாள்.

கீழ்வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த அன்று சாயங்காலம் பங்காளிகள் கூடியிருந்தார்கள். சுமிந்திரா விளக்குக்குப் பூ வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். பல்பு சூடானது, வெளிச்சம் வரவில்லை. விசிறி சுற்றியது, வந்திருந்த புது ஃபிரிட்ஜ் உறுமியது, வெளிச்சம் மட்டும் இல்லை. மேட்டில் தேவ்நாராயணின் சமையலறை பளிச்சென்று எரிந்தது. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "பாத்தியா? தம்பி மனசு மாறிட்டான். எனக்குத் தெரியும், அவன் அப்படிப்பட்டவன் இல்ல," என்று செருப்பில்லாமல் வெளியே ஓடினான். வாசலில் கம்பம் இல்லை, கூரையில் கம்பி இல்லை. கீழே தம்பி வீடு இருட்டாக இருந்தது. தேவ்நாராயண் திரும்பி வந்து உட்கார்ந்தான். அதன் பிறகு தம்பி பெயரை அவன் வாயால் யாரும் கேட்கவில்லை.

ஆபீசிலிருந்து மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். கீழே மீட்டர் சரியாக ஓடியது, ஒயரில் குற்றமில்லை. மேலே வந்து பல்பைக் கழற்றிப் பார்த்தார்கள், கையிலும் எரிந்தது. இதற்குத் தங்களிடம் விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜக்நந்தன் கோபத்தில் விளக்குச் சுவிட்சு எதையும் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டான். மேடும் பழையபடி இருண்டது. இரண்டு வீட்டிலும் பம்ப் அடித்து ஏற்றும் பென்சின் விளக்கு.

பூல்மதி கீழ்வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தியிருந்தாள். இன்சுலினை மண்பானையில் ஈர மணல் கொட்டி அதில் புதைத்து வைத்தாள். சுமிந்திரா ஒருநாள் கரும்பின் ஓரம்வரை வந்து, "அக்கா, மருந்தையாவது எங்க வீட்டுல வெச்சுக்கோங்க," என்று அழுதாள். பூல்மதி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோடை கடுமையாக இருந்தது. மருந்து கெட்டுப்போனது தெரியாமலே ஊசி போட்டார்கள். தேவ்நாராயணின் காலில் புண் கறுத்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த ஒரு பங்காளி, "என்ன இருந்தாலும் தெய்வம் உங்க பக்கம்தான், வெளிச்சத்தை உங்களுக்குத் திருப்பிவிட்டுச்சே," என்றார். பூல்மதி வெறித்துப் பார்த்தாள். "வெளிச்சத்துல மருந்து வெக்க முடியுமா, மாமா? குளிரைல்ல அனுப்பியிருக்கணும்."

சில வருஷம் கழித்து ஜக்நந்தனின் மகள் ரேஷ்னிக்குச் சவுசவு என்ற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. கம்பெனி கரெண்ட்தான் துரோகம் செய்கிறது என்று நினைத்த ஜக்நந்தன் டவுனிலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தான். கூரையிலும் மாமரத்திலும் வண்ண பல்பு மாலைகளைத் தொங்கவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் வரும் சாயங்காலம் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்கள். அது கத்தியது, மாமரம் இருட்டாகவே நின்றது. மேட்டில் தேவ்நாராயணின் எலுமிச்சை மரத்தில், பல்பே இல்லாத கிளைகளில், சிவப்பும் பச்சையும் நீலமும் மின்னிமின்னி அணைந்தன.

மேளத்தோடு வந்த பஸ் வெளிச்சத்தைப் பார்த்து வண்டித்தடத்தில் திரும்பி நேரே மேட்டுக்கு ஏறியது. மாப்பிள்ளையின் தகப்பனார் இறங்கி, "என்ன சம்பந்தி, வரவேற்க ஆளையே காணோம்?" என்றார். தேவ்நாராயண் கட்டையை ஊன்றி எழுந்தான். பூல்மதி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் இது வேறு வீடு என்று சொல்லவில்லை. "பொண்ணு இப்ப வந்துரும். உக்காருங்க," என்றான். பூல்மதி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு பாயை எடுத்துக்கொண்டு வந்து விரித்தாள்.

கீழேயிருந்து கறிச்சட்டிகள் வந்தன, பந்தல் வாழை வந்தது, புரோகிதர் வந்தார். ரேஷ்னி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே ஏறி வந்தாள். கடைசியில் ஜக்நந்தன் வந்தான். தாரைவார்த்துக் கொடுக்க அவன்தானே வேண்டும். அண்ணன் வீட்டு முற்றத்தில், தன் ஜெனரேட்டர் தந்த வெளிச்சத்தில், அவன் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். சடங்கு முடிந்ததும் எழுந்து, "அண்ணி, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"ஆக்லாந்துல நாங்க சௌக்கியமா இருக்கோம்," என்றாள் பூல்மதி. "சாப்ட்டியா? போய் சாப்பிடு."

அவன் போய்ப் பந்தியின் கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. கம்பங்களும் வரவில்லை, யாரும் மறுபடி கேட்கவுமில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஜக்நந்தன் சாயங்காலமானால் வீட்டில் எல்லாச் சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போடுகிறான். பிறகு இருட்டில் தடவி பென்சின் விளக்கை ஏற்றிக்கொள்கிறான். அண்ணனும் அண்ணியும் தூங்கப்போகும் நேரம் அறிந்து தானே அணைத்தும் விடுகிறான். மேட்டில் பல்பு எரிந்ததும் பூல்மதி அடுப்படியிலிருந்து, "போட்டாச்சு," என்பாள். தேவ்நாராயண் கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்து, ஒற்றைக் காலை நீட்டி, பேப்பரை விரிப்பான். போட்டது யார் என்று இருவரும் சொல்வதில்லை.