ஜெப எண்ணெய்

டெஸ்மண்டின் கோட்டை இழுத்துச் சரிசெய்த எவ்லினின் கை வயிற்றருகே வந்ததும் நின்றது. குழாயை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள். சவப்பெட்டிக்கு மறுபுறம் நின்ற நாத்தனார் பேட்ரிசியா, தம்பியின் டையை நீவியபடியே ஆரம்பித்தாள்.

"எங்க பெர்மாஸ் ஜெயாவுல தடுக்கி விழுந்தா டயலிசிஸ் சென்டர். அங்க கொண்டாந்து விட்டிருக்கலாம்லா. வீட்லயே தண்ணி மாத்துறேன்னு வச்சுக்கிட்ட. கைய ஒழுங்கா கழுவுனியா?"

சபைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

எவ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் டெஸ்மண்டும் குடியிருந்த லாயாங் லாயாங்கில் சென்டரும் இல்லை, சிறுநீரக டாக்டரும் இல்லை. அதனால்தான் அவன் வயிற்றில் குழாய் வைத்தார்கள். மருந்துத் தண்ணீரை வீட்டிலேயே ஏற்றி இறக்க அவள் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முழங்கைவரை கழுவினாள். தம்பிக்கு ஓர் அறை கொடுக்க அப்போது பேட்ரிசியாவுக்கு மனம் வரவில்லை. மகள் ஆட்ரிக்குப் பரீட்சை என்றாள்.

போன மாதம் அவளே ஜெப எண்ணெயோடு வந்தாள். எவ்லின் அடுப்படியில் காப்பி கலக்கிய நேரத்தில், அவன் வயிற்றுக் கட்டைப் பிரித்து, குழாய் நுழையும் இடத்தில் எண்ணெய் தடவி, கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனாள். விஷயம் தெரிந்து எவ்லின் பதறியபோது, டெஸ்மண்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாசத்துல செஞ்சது. வெளிய சொல்லாத. அக்கா மனசு ஒடஞ்சிரும்."

அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

அடுத்த வாரம் பையில் இறங்கிய தண்ணீர் கலங்கி வந்தது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, பக்கத்து ஊருக்குச் சிறுநீரக டாக்டர் வரும் நாளில் போகச் சொன்னார்கள். காய்ச்சலோ அந்த டாக்டருக்காகக் காத்திருக்கவில்லை. ஜேபி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.

"சொல்லு எவ்லின். கழுவுனியா இல்லியா?"

இங்கே வாயை மூடிக்கொண்டால் புருஷனைக் கொன்றவள் என்ற பேர் நிலைத்துவிடும். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். செத்தும் அக்காவுக்குத்தான் வக்காலத்து வாங்கினான் பாவி.

"கழுவுனேன் அண்ணி."

பேட்ரிசியா உதட்டைப் பிதுக்கினாள். போதகர் ஜெயபாலன் எழுந்து வந்து எவ்லினின் தலையில் கை வைத்தார்.

"தெரியாம நடக்குறதுதாம்மா. கர்த்தர் மன்னிப்பார். மனசப் போட்டு வருத்திக்காதீங்க."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பேட்ரிசியாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"தேங்க்ஸ் பாஸ்டர்," என்றாள் எவ்லின்.

குடும்பத்தோடு படம் பிடிக்க ஆட்ரி கைப்பேசியைத் தூக்கினாள். எவ்லின் தலைமாட்டை நாத்தனாருக்கு விட்டுவிட்டுக் கால்மாட்டுக்கு நகர்ந்தாள்.