கடைசிக் கண்ணி

போர்வையைக் கட்டிலில் விரித்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கால்மாட்டில் இரண்டு பக்கமும் தாராளமாகத் தொங்கிய போர்வை, மேலே வர வர ஒடுங்கி, கட்டிலின் நடுவில் ஒரு தலையணை அகலத்தில் வந்து நின்றது.

"என்னங்க இது, போர்வையா பாவாடையா?"

ஸ்கூல் பஸ் டிரைவரான கணவர் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டால் மாலை மணி அடிக்கும்வரை அவருக்குப் பஸ்தான் வீடு. மற்ற டிரைவர்கள் சீட்டாடும்போது, ஸ்டியரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவில் கம்பளி நூலை வைத்துக்கொண்டு, கொக்கி ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்து இரண்டு வருஷமாகப் பின்னியது இது. மடியில் சுருட்டியே வைத்திருந்ததால் குறுகியது கண்ணில் படவில்லை.

வீட்டில் அவருக்குப் 'பாதி' என்று பெயர். மைத்துனன் உபயம். கதவில்லாத அலமாரி, ஒரு சுவரோடு நின்றுபோன வெள்ளையடிப்பு, இரண்டு பாட்டோடு பரணுக்குப் போன கிதார் என்று அதற்குச் சாட்சிகள் வீடெங்கும் இருந்தன. கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாரே தவிர, ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும். இந்தப் போர்வையையாவது முடித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் சத்தியமே செய்திருந்தார்.

ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தபோது புரிந்தது. வரிசையின் கடைசிக் கண்ணி பக்கவாட்டில் சாய்ந்து ஒளிந்துகொள்ளும். அதைப் பின்னாமலே அவர் திரும்பி வந்திருக்கிறார், முதல் சாணுக்குப் பிறகு ஒவ்வொரு வரிசையிலும். வரிசைக்கு ஒரு கண்ணி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒட்டுப்போட வழியில்லை. முதல் சாண் வரை பிரிக்கவேண்டும்.

"விடுங்க. சோபா மேல போட்டுக்கலாம், அழகாத்தான் இருக்கு" என்றாள் மனைவி.

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அலமாரிக்கும் கிதாருக்கும்கூட யாரோ நல்ல மனசோடு இப்படித்தான் சொன்னார்கள். அவரும் 'சரி' என்றிருந்தார்.

ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தார். சரசரவென்று வரிசை வரிசையாக அவிழ்ந்தது. கண் லேசாகக் கலங்கியது. மனைவி எதிரில் உட்கார்ந்து நூலைப் பந்தாகச் சுற்றினாள்.

மறுநாளே பஸ்ஸில் ஆரம்பித்தார். இந்தத் தடவை கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு, அதைத் தொடாமல் திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டார். போர்வை சாண் சாணாக ஏறியது. முன்பு வந்து நின்ற உயரத்தைத் தாண்டிய அன்று பஸ்ஸின் நடைவழியில் விரித்துப் பார்த்தார். இரண்டு ஓரமும் ரயில் தண்டவாளம்போல நேராக ஓடின. தன்னை மறந்து ஹாரனை ஓங்கி அடித்துவிட்டார். சீட்டுக்காரர்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"பிரேக்கு போச்சா அண்ணே?"

"ஒண்ணும் போகல. பாருங்கடா!"

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு மத்தியானம் மைத்துனன் வந்தான். போர்வையின் நாலு மூலையையும் இழுத்து இழுத்துப் பார்த்தான். குறை சொல்ல ஏதும் கிடைக்கவில்லை.

"முடிஞ்சிடும் போலிருக்கே மச்சான்" என்றான். குரலில் கேலி இல்லை.

"முடியும்."

இப்போது அது அவர் மடிக்கு அடங்குவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பின்ன, மீதியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மனைவி படுத்திருந்தாள். வரிசை முடிந்தது. ஊக்கைத் தொட்டு, கடைசிக் கண்ணியையும் பின்னினார்.

"கொஞ்சம் விடும்மா, திருப்பணும்."

"மாட்டேன். நல்லா கதகதன்னு இருக்கு."

அவர் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார். அவள் கண்ணைத் திறக்காமல், பிடியையும் விடாமல், போர்வையோடு சேர்ந்து மறுபக்கம் புரண்டாள்.