கண்டிகை ஆட்கள் வரும்வரை

மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்கு எங்கள் ஐயர் வருவார். ஐயர் என்றதும் மலைமேல் இருக்கும் குருக்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் சபையில் பாதிரியாரை அப்படித்தான் சொல்லுவோம். அவர் வருகிற ஞாயிறில்தான் திருவிருந்து, இயேசுவின் நினைவாக ஒரே ரொட்டியையும் திராட்சை ரசத்தையும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்வது. மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவர் என் வீட்டுக்காரர் வேதாசலம், உபதேசியார். மெதுவாகப் பேசுவார், அதைவிட மெதுவாக ஒரு முடிவுக்கு வருவார்.

திருவிருந்துக்கு ரொட்டி சுடுவது என் வேலை. யுத்த காலம், கோதுமை மாவு கண்ணில் படாது. ரசத்துக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிவோம். கடைக்கார ஹனீஃபா பாய் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லிவிட்டு, எங்களுக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்திருப்பார். மாவைத் தட்டி, ஆளுக்கொரு துண்டு வருமாறு கத்தியால் கோடு கிழித்துச் சுடுவேன். பக்கத்து ஊரான கே.ஜி. கண்டிகை ஆட்களையும் சேர்த்துத்தான் கோடு போடுவேன். அவர்கள் துண்டுகள் மட்டும் ஒவ்வொரு முறையும் மிஞ்சும்.

கண்டிகையில் எங்கள் சபையார் எல்லாரும் பண்ணையாட்கள். ஞாயிறானாலும் கரும்புக்குக் கவலை ஓட்டவேண்டும். கிணற்றில் மாடு கட்டி நீர் இறைத்து, மாட்டை அவிழ்ப்பதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். பிறகு நடந்து திருத்தணி வந்து சேர்வதற்குள் ஐயர் பாவ அறிக்கை ஜெபத்தை முடித்திருப்பார். அந்த ஜெபத்துக்குப் பின்னால் வந்தவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. அது அவர் போட்ட சட்டம். தகுதியில்லாமல் இதைச் சாப்பிடுகிறவன் தண்டனையைச் சாப்பிடுகிறான் என்று கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் எச்சரித்திருக்கிறார், ஜெபம் சொல்லாதவனுக்குத் தகுதி எங்கே என்பார்.

கண்டிகை ஆறுமுகத்துக்கு ஞானஸ்நானத்தில் வேறு பேர்தான் வைத்தார்கள். முருகன் மலையைப் பார்த்து வளர்ந்தவனை யார் அந்தப் பேரால் கூப்பிடுவார்கள்? காசநோய்க்காரன். இருமிக்கொண்டே மடை திருப்பிக்கொண்டிருந்தான். அந்தச் சித்திரையில் அவன் மனைவி மணியம்மை தோளைக் கொடுத்து அவனை நடத்திக் கூட்டிவந்தாள். வழக்கம்போல் ஜெபம் முடிந்திருந்தது.

"ஒரு துண்டு குடுங்க சாமி. அடுத்த வாட்டி இருப்பனோ இல்லியோ" என்றான், வாசற்படியிலேயே நின்று.

ஐயர் கல்நெஞ்சக்காரர் இல்லை. முகம் வாடித்தான் போயிற்று. "ஜெபம் முடிஞ்சிடுச்சேப்பா. ஆடியில வரேன், நீ சீக்கிரம் வந்துடு" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். சீக்கிரம் வா என்பதை அவன் ஆண்டையிடம் அல்லவா சொல்லவேண்டும்? ஆறுமுகத்திடம் சொல்லி என்ன பிரயோசனம்? அவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "லேட்டா வந்தவனுக்கு இல்லன்னா உங்க பவுல் எழுதிகீறாரு? எங்க, காட்டுங்க பாக்கலாம்."

அவர் காட்டவில்லை. வேதாகமத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மிஷன் பள்ளியில் கொடுத்த பழைய விளக்கப் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து கிளறினார். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் தெரியவில்லை. பல நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஜெயா, தலகீழா படிச்சிகினு இருந்தோம்" என்றார்.

கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணமாம். அங்கே கோயில் கட்டிடம் ஏது, வசதியுள்ளவர் வீட்டில்தான் சபை கூடும். அன்றைக்குத் திருவிருந்து என்றால் ஒரு துண்டு இல்லை, வயிறார ஒரு சாப்பாடு. வேலைவெட்டி இல்லாத பெரிய மனிதர்கள் முன்னாலேயே வந்து தின்று, குடித்து, மயங்கிக் கிடப்பார்கள். அடிமைகளும் கூலிக்காரர்களும் வந்து சேரும்போது பாத்திரம் காலி. அந்தச் சேதி காதுக்கு எட்டி, மனம் கொதித்துத்தான் பவுல் அப்படி எழுதினாராம்.

"தகுதியில்லாம சாப்ட்டவன் லேட்டா வந்தவன் இல்ல. வராதவனை நெனைக்காம சாப்ட்டவன்தான்" என்றார்.

"அவங்க ஏன் லேட்டா வந்தாங்களாம்?"

"வேலைய முடிச்சாத்தான உடுவாங்க. அந்தக் காலத்துல ஞாயித்துக்கெழமன்னு லீவு ஏது?"

"கண்டிகையில இப்ப மட்டும் கீதா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "கடைசியில, ஒருத்தருக்கு ஒருத்தர் காத்திருங்கன்னுதான் முடிக்கிறாரு. நானே எத்தினி வாட்டி அத வாசிச்சிகிறேன்" என்றார். கோபித்துக்கொண்ட எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாயிருந்தது.

அரக்கோணம் போய் ஐயரிடம் சொன்னார். ஐயர் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பார்த்துவிட்டு, "ஆடியில காத்திருப்போம்" என்றாராம். இவர் அப்படியே கண்டிகைக்கு நடந்தார். ஆறுமுகம் கேட்டுவிட்டு, கண்டிகை முழுக்க, "எனக்காவ ஐயரே காத்துகினு இருப்பாராம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிறு அது. தெருவெல்லாம் காவடிக் கூட்டம், பம்பைச் சத்தம். உள்ளே நாங்கள் பாடின பாட்டையே திரும்பப் பாடிக்கொண்டிருந்தோம். உச்சிப்பொழுது தாண்டியது. ஸ்டேஷன் குமாஸ்தா சம்சாரம் ரத்தினம்மாள், "பிள்ளைங்க பசியா இருப்பாங்க, இன்னும் எவ்ளோ நேரம்?" என்று என் காதில் முணுமுணுத்தாள். பேசாமல் இரு என்று கையை அமுக்கினேன். ரொட்டி காய்ந்துவிடாமல் ஈரத்துணியை மாற்றினேன். ஐயருடைய ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

மணியம்மை தனியாக வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றாள்.

"அவுரு போயிட்டாருங்க. விடியக்காலம்" என்றாள்.

அவளே மேலும் பேசினாள், அழாமல், ஒப்படைக்க வந்த பொருளை ஒப்படைக்கிறவள் போல.

"நெனவு இருக்கசொல்ல ஒண்ணு சொன்னாருங்க. எனக்காவ யாரும் காத்துகினு இருக்க வேணாம், ஐயருக்கு ரயிலு கீது, மின்னாடியே போய் சொல்லிடுன்னாரு. பொணத்த தனியா உட்டுட்டு வரக்கூடாது. ஆம்பளைங்கள்ல ஒருத்தர கூட இருக்க அனுப்புங்கன்னு ஆண்டைய கேட்டேன். தண்ணி பாஞ்சி முடியட்டும்னாரு. கவலை அவுத்தப்புறம்தான் ஆளு வந்தாங்க. அதான் லேட்டுங்க."

காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பிய சொல்லுக்குக்கூட அவனுக்கு நேரத்தில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். எவ்வளவு அடைத்தும் அழுகை நிற்கவில்லை.

மணியம்மை தட்டைப் பார்த்தாள். பிறகு ஐயரைப் பார்த்தாள்.

"எனக்கு உண்டுங்களா சாமி? ஜெபம் முடிஞ்சி போயிருக்குமே."

"இன்னும் ஆரம்பிக்கலம்மா. உள்ள வா" என்றார் ஐயர்.

அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஐயர் முழங்காலிட்டுப் பாவ அறிக்கையை ஆரம்பித்தார். எத்தனையோ வருஷமாக மளமளவென்று சொல்லிப்போகிற ஜெபம், அன்றைக்கு முதல் வரியிலேயே நின்றுபோனது. வேதாசலம்தான் எடுத்துக்கொடுத்தார். முதல் துண்டு மணியம்மைக்குப் போனது. ரத்தினம்மாளும் அழுதுகொண்டேதான் வாங்கினாள்.

கண்டிகை ஆட்கள் பிணத்தோடு இருந்ததால் அவர்கள் துண்டுகளைத் துணியில் கட்டி வேதாசலம் எடுத்துக்கொண்டார். எல்லாரும் அங்கேதான் நடக்கப்போகிறோம் என்று யாரும் சொல்லாமலே எழுந்துவிட்டிருந்தோம். தட்டில் ஒரே ஒரு துண்டு கிடந்தது. ஆள் கணக்குப் பார்த்து நான்தான் கோடு கிழித்திருந்தேன்.

மிஞ்சினதை ஐயர்தான் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்பது முறை. அவர் அதைக் கையில் எடுத்தார். வெளியே பம்பைச் சத்தம் எங்கள் தெருவைக் கடந்து போகும்வரை அதை வாயில் வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.