ஏழு வயதில் வெள்ளெழுத்து

ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு வெள்ளெழுத்து வந்தது ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு. கிட்டத்து எழுத்தெல்லாம் மங்கிப்போய்ப் புத்தகத்தைக் கை நீட்டிப் பிடிக்க வைக்கிற அந்தக் கோளாறு நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் வரும். அதனால் இதில் ஏதோ இருக்கிறது என்று யாராவது அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாரும் சந்தேகப்படவில்லை. அவனும் பத்து வயது அக்காவும் இருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோவது வழக்கம். மெக்கானிக் வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம் என்று குடியிருந்தவர்கள் சொல்வார்கள். அன்று நாலு மணிக்கு நின்ற லிஃப்ட் நாற்பத்தேழு நிமிடம் கழித்துக் கிளம்பியது. உள்ளே இருந்த பிள்ளைகள் பத்திரமாக இறங்கினார்கள், மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது இதுதான். நின்ற இடத்தில் லிஃப்டின் கதவு திறந்தது, ஆனால் எந்த மாடியிலும் திறக்கவில்லை. வெளியே ஒரு தேசம் இருந்தது. அங்கே கடல் படுத்திருக்கவில்லை, சுவர்போல நின்றிருந்தது. ஏணி சாத்தித்தான் மீன் பிடித்தார்கள். நிழல்களைக் காலையில் உதறிப் போட்டுக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் மடித்து வைத்தார்கள். பேச்சு மட்டும் நம் பேச்சுதான். பிள்ளைகள் இருவரும் இறங்கி ஒரு வருடம் ஆசைதீர விளையாடினார்கள். பிறகு அக்காவுக்கு அரையாண்டுப் பரீட்சை ஞாபகம் வந்தது. அவள் லிஃப்டுக்குள் வந்து, கதவைத் திறந்தே வைக்கும் பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன்க்கா" என்றான் அவன். உலகத்தில் அப்படிச் சொன்ன எவன்தான் உடனே வந்திருக்கிறான்?

லிஃப்டுக்குள் ஒரு நிமிடம் என்பது அங்கே ஒரு வருடம். கணக்கு அவ்வளவுதான். அக்கா பொத்தானை அழுத்தியபடி நின்றது நாற்பத்தாறு நிமிடம். அதற்குள் அவன் வளர்ந்து, ஏணி செய்யக் கற்று, கல்யாணம் செய்து, மனைவியைப் பறிகொடுத்து, ஒரு மகளை ஒற்றை ஆளாக வளர்த்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு அக்கா ஒரு சிலை. அவள் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்க இரண்டு நாள் ஆயிற்று. "சீக்கிரம் வாடா" என்று அவள் சொன்னது ஒரு வாரம் முழுக்கக் காற்றுப்போல் முனகிக்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு வருடமும் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடம் போகலாம் என்று வீடு திரும்பினான். கடைசி வருடம் அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அது கன்னத்தைத் தாண்டி மோவாய்க்கு வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. பதினெட்டு நாளும் அவன் வாசலிலேயே நின்றான். பிறகு இருபத்திரண்டு வயது மகளிடம், அக்காவுக்குக் கை வலிக்கிறது என்று சொன்னான். "போயிட்டு வாங்கப்பா" என்று அவள் சொன்னாள். கதவைத் தாண்டியதும் உடம்பு ஏழு வயதுக்குத் திரும்பியது. கண் திரும்பவில்லை, மனசும் திரும்பவில்லை.

கீழே இறங்கியதும் மெக்கானிக்கிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி, மணி என்ன என்பது. வீட்டுக்கு வந்து சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தான். வாய்ப்பாடு சொல்கிறான் என்று அம்மா நினைத்தாள். "கடிகாரத்தை ஏன்டா முறைக்கிறே, போய் மூஞ்சியைக் கழுவு" என்று இரண்டு தடவை விரட்டினாள். அவன் போய்க் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தான். ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். லிஃப்டில் பயந்துவிட்டான் என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பையன் நோட்டை முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறான் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பதினான்கு வருடமாகக் கண் பரிசோதிக்கிற நாற்காலிக்கு எதிரே நின்றவள். வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த நாற்காலியில்தான் மாட்டுவார்கள். கிட்டத்துப் பார்வைக்கு எந்த வில்லை பொருந்துகிறது என்று பார்த்தே ஒருவரின் வயதை ஒன்றிரண்டு முன்னே பின்னே சொல்லிவிடுவாள். மகனுக்கு ஒன்றாம் பவர் வில்லையைப் போட்டாள், தெரியவில்லை என்றான். ஒன்றரை, இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போனாள். இரண்டே காலில் அவன் கடகடவென்று வாசித்தான். ஐம்பத்துநாலு, என்று அவள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

கொஞ்ச நேரம் வில்லைகளைத் துடைத்துக்கொண்டே நின்றாள். லிஃப்டில் கதவு திறந்த கதையை மகள் அன்றைக்கே சொல்லியிருந்தாள். அம்மாதான் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"எத்தனை வருஷம்டா இருந்தே அங்க?"

"நாப்பத்தேழு வருஷம்மா."

"தனியாவா?"

"இல்ல. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா."

"இருந்தாளா?"

"அன்னிக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்ல. தொண்ணூத்திரண்டு வயசு வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எண்ண மனசு வரலை."

மூஞ்சி கழுவ விரட்டியது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கழுவிவிட்டு வந்த இரண்டு நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வயது கூடியிருந்தது. அவள் கடையின் பின்கட்டுக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து, கடையில் இருப்பதிலேயே சின்னச் சட்டமாகப் பார்த்து அவனுக்கு ஒரு கண்ணாடி செய்தாள்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. பள்ளியில் அவனுக்கு 'தாத்தா' என்று பெயர் விழுந்தது, அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் ஓட்டுகிற அப்பா, மேலதிகாரியோடு தகராறு வந்தால் அவனிடம் யோசனை கேட்டார். சில சமயம் வாய் தவறி "நீங்க" என்று சொல்லிவிட்டு, "நீ" என்று திருத்திக்கொண்டார். அக்காவுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. ஆயிரம் வயதானாலும் அவன் தம்பிதான், அவனும் அவளை அக்கா என்றே கூப்பிட்டான். அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். முப்பத்துநாலு வயதுக்காரி அவள். "என்னம்மா, மூஞ்சி வாடியிருக்கு?" என்று மகன் கேட்டால் அது பிள்ளை தாயைக் கூப்பிடுகிற அம்மாவா, பெரியவர் ஒருவர் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற அம்மாவா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சொல் ஒன்றுதான், குரல்தான் வேறு. பெற்ற பிள்ளை தன்னைப் பெற்றவளாகக் கூப்பிட வேண்டும், அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

இன்னொன்றும் இருந்தது. முன்பெல்லாம் அவள் அவனைச் "சாப்பிட வாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். லிஃப்டுக்குப் பிறகு அந்த 'ப்பா' காதில் விழுந்தால் அவன் விருட்டென்று திரும்பினான். ஒரு கணம் அவன் முகத்தில் அவள் பார்த்தே இராத ஒரு வெளிச்சம் இருக்கும். கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் அதைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்வான். மூன்று தடவை பார்த்தாள். அதற்குமேல் அவளுக்குத் தெம்பு இல்லை. டேய், கண்ணு, ராஜா என்று வேறு எல்லாப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டாள், அந்த ஒன்றைத் தவிர.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். அப்பா பஸ்ஸில், அக்கா பள்ளியில். எட்டு வயதுப் பையன் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். ஈரத்துணி போட்டான், மருந்துச் சீட்டை மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கி வாசித்தான், நெற்றியில் கை வைத்து "தூங்கும்மா" என்றான். அந்தக் கை பழகிய கை. ஒரு சின்னப் பெண்ணின் எத்தனையோ காய்ச்சலை இப்படித்தான் இறக்கியிருக்கும். அம்மா கண்ணை மூடியபடியே "அப்பா…" என்று முனகினாள். வலியில் யாரும் சொல்வதுதான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, யாரையும் தேடவில்லை. "இருக்கேம்மா" என்றான். பிறகு நெடுநேரம் சத்தமில்லாமல் அழுதான். அவள் தூங்குவதுபோலக் கிடந்து அவனை அழவிட்டாள். அவள் மகன் திரும்பி வரவில்லை என்று நினைத்து ஒரு வருடமாகத் தவித்தாளே, அவனுக்கோ அழுவதற்கு இப்போதுதான் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

காய்ச்சல் விட்ட காலையில் அவள் வாசலில் நின்று, வேண்டுமென்றே, வாய்நிறைய, "அப்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பினான். அந்த வெளிச்சம் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதனால் அவனும் அதைச் சுருட்டி வைக்கவில்லை. "வர்றேம்மா!" என்று கத்திக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டபடி ஓடினான். லிஃப்டில் அக்கா பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். "சீக்கிரம் வாடா" என்றாள். அதற்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

அதன்பிறகு அந்த வீட்டில் 'அம்மா'வும் 'அப்பா'வும் தாராளமாகப் புழங்கின. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா கல்யாணமாகிப் போனாள். அவன் படித்து முடித்து லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் எந்த லிஃப்ட் நின்றாலும் அவனே போய்த் திறந்தான். சுவர்தான் இருந்தது. அவன் கண் மட்டும் இரண்டே காலிலேயே நின்றுவிட்டது, கால் புள்ளி ஏறவில்லை. அம்மாவுக்கு நாற்பத்திரண்டில் வெள்ளெழுத்து வந்தது. ஒன்று, ஒன்றரை என்று ஏறி, ஐம்பத்துநாலாம் வயதில் அவளும் இரண்டே காலுக்கு வந்து சேர்ந்தாள். நாலு வருடம் தாயும் மகனும் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள், கடையில் ஆள் இல்லாத நேரம், அவள் தன் கண்ணைத் தானே பார்த்துக்கொண்டாள். இரண்டே காலில் எழுத்து மங்கியது. இரண்டரையைப் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. அவள் தொழில் அறிந்த வரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவள் இப்போது தன் மகனைவிட மூத்தவள். வில்லையைப் பெட்டியில் வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வாசலில் வந்து நின்றிருந்த மகன் உள்ளே எட்டிப் பார்த்து, "என்னம்மா?" என்றான். இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.