நான்கு மணிக்குள் ஏற்ற வேண்டிய மருந்து

அரிவாளை முதலில் எடுத்தது யார் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. போலீசில் விருமாண்டி என்றேன். அவன் என்னைச் சொன்னான். இப்போது யோசித்தால் இரண்டில் எதையும் பொய் என்று தள்ள முடியவில்லை.

அம்மா முனீஸ்வரிக்குச் சினைப்பையில் புற்றுநோய். வயிறெங்கும் பரவிவிட்டது. கீமோ கொடுத்தும் இரண்டு முறை திரும்பி வந்தது. டாக்டர் இன்பசேகரன், ஆராய்ச்சியில் இருந்த ஒரு மருந்தைச் சொன்னார். புற்றணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு கதிரியக்கத்தைச் சேர்த்து உடம்பில் ஏற்றுவார்கள். அம்மாவுக்கென்றே தயாரித்து விமானத்தில் வரும். வரும் நாளில் மாலை நான்கு மணிக்குள் ஏற்றாவிட்டால் வீண். ஏற்றிய பின் பத்து நாள் கர்ப்பிணிகள் அவள் பக்கத்தில் வரக் கூடாது.

என் மனைவி சத்யப்ரியாவுக்கு ஏழாம் மாதம். அம்மா தங்குவதற்கு கே.கே. நகரில் தனி அறை பிடித்திருந்தேன். முந்தின நாள்தான் பிடித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. எதையும் உடனே சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

மருந்து வந்த அன்று பகல் பரவையில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், சத்யப்ரியாவின் அண்ணன் விருமாண்டி வந்து மறித்தான்.

"அத்தை அத ஏத்திக்கிட்டு இந்த வீட்டுக்குத்தான வரும்? எந்தங்கச்சி வயித்துல புள்ள இருக்கு, மாப்ள."

அறையைப் பற்றி ஒரு வார்த்தை போதும். சொல்ல வாயெடுத்தபோது அம்மாவை விஷம் என்றான். நான் சொல்லவில்லை. மூக்கில் குத்தினேன்.

எலும்பு நொறுங்கியது என் கைக்குத் தெரிந்தது. அவன் என் தலைமுடியைப் பிடித்து ஆட்டோ கம்பியில் மூன்று முறை மோதினான். படியில் தேங்காய் வெட்டும் அரிவாள் கிடந்தது. அதன்பின் துண்டு துண்டாகத்தான் நினைவு. அவனுடைய இரண்டு விரல்கள் மண்ணில் கிடந்தன. என் தோள் பிளந்து சட்டை சூடாக நனைந்தது. சத்யப்ரியா வாசல் நிலையைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

அம்மா வீங்கிய வயிற்றில் கை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டிக்கிட்டுக் கெடங்க," என்றாள். பிறகு ஆட்டோக்காரரிடம், "சிவக்குமாரு, வண்டிய எடுப்பா. நாலு மணிக்குள்ள நான் போகணும்."

ஆட்டோ எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

மூன்றரை மணிக்கு மருந்து ஏறியது. பத்து நாளும் ஆஸ்பத்திரியிலேயே துணையில்லாமல் இருந்தாள். கட்டிகள் சுருங்கின. பதினான்கு மாதம் கழித்து இறந்தாள். விருமாண்டி லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிறான். சத்யப்ரியாவுக்குப் பெண் குழந்தை. குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான் நான்கு மாதம் சிறையில் இருந்தேன். வழக்கு இன்னும் நடக்கிறது.