திறந்தால் நிற்காத அடுப்பு

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மைக்ரோவேவ் அடுப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் நான்காம் மாடியிலிருந்து இறங்கினாள். பெட்டியின் விளிம்பு விலாவில் குத்தியது. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினாள். மேலே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி வீட்டுக்காரம்மா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பார்த்துப் போ, படியில் இடித்துவிடாதே, சுவருக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நீ விழுந்துவிடாதே என்று மட்டும் அந்த வாயிலிருந்து வரவில்லை.

அந்த வீட்டில் தரை துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் துணி மடிப்பதும் அவள் வேலை. அன்று கிளம்பும்போது வீட்டுக்காரம்மா கூப்பிட்டு, இதை நீயே எடுத்துக்கொள் என்றாள். புதிது வாங்கியாயிற்று, இது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, கதவு மட்டும் கொஞ்சம் லூஸ், உன் வீட்டுக்காரர்தான் வெல்டராயிற்றே, ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்றாள். பிறகு பாடம் நடத்தினாள். எவர்சில்வர் வைக்கக் கூடாது, பொறி பறக்கும். டப்பாவை இறுக்க மூடி வைக்கக் கூடாது, வெடிக்கும். முட்டையை ஓட்டோடு வைக்கவே கூடாது. உள்ளே ஒன்றும் இல்லாமல் ஓட்டக் கூடாது. பின்பக்கம் காற்றுப் போக இடம் விட வேண்டும். சிந்தினால் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பால் பொங்கினால் பதறாதே, கதவைத் திற, தானாக நின்றுவிடும்.

எல்லாம் சரியான பேச்சு. ஒன்றே ஒன்றைத்தான் அவள் சொல்லவில்லை.

வேலைக்காரி அதைச் சுமந்து வந்தது ஆசையால் அல்ல. மகளுக்காக. மகளுக்குப் பத்து வயது. வாயாடி என்றுதான் தெருவே கூப்பிடும், வீட்டிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளி விட்டு வரும்போது அம்மாவும் அப்பாவும் வேலையில் இருப்பார்கள். காலையில் ஆக்கி வைத்தது ஆறிப்போய்க் கிடக்கும். ஒருநாள் சூடாகச் சாப்பிடலாம் என்று வாயாடி கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள். சட்டைக் கை கருகியது. நல்லவேளை, தோலுக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து அம்மா வேலைக்குக் கிளம்பும்போது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேஸ் வாடைக்கு மூக்கைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்றிருந்தாள். நெருப்பே இல்லாத அடுப்பு ஒன்று கையில் கிடைத்தால் அவள் விடுவாளா?

வேலை முடிந்து வந்த வெல்டர் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னடி, அடுப்பைப் பேத்து எடுத்துட்டு வந்திருக்க. அந்தம்மாவுக்குச் சுவரையாச்சும் மிச்சம் வெச்சியா?"

"அவங்களே குடுத்தாங்க. கதவு லூஸாம். உங்களால முடியுமா, இல்ல கடையில குடுத்துடலாமா?"

அந்தக் கேள்விதான் அவனைச் சுட்டது. "கப்பல் வயித்தையே ஒட்டுறவன்டி நான். இது ஒரு டப்பா" என்றான். கடை என்ற பேச்சு அதோடு முடிந்தது.

கதவின் கீல் ஒடிந்திருந்தது. இரும்புத் துண்டு ஒன்றை வெட்டிப் பொருத்தினான். கதவு பொருந்தி நின்றது, ஆனால் ஒட்டி மூடிக்கொள்ளவில்லை, நகக்கண் அளவு இடைவெளி இருந்தது. பொத்தானை அழுத்தினால் அடுப்பு ஓட மறுத்தது. அப்படி மறுப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. கதவைச் சரியாகச் சாத்தினால்தான் ஓடும், திறந்தால் நின்றுவிடும். அதற்கென்று உள்ளே ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். வெல்டருக்கு அது ஸ்விட்ச்சாகத் தெரியவில்லை, தன் தொழிலுக்கு விட்ட சவாலாகத் தெரிந்தது. மேல் மூடியைக் கழற்றினான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கி நிற்கும் பெட்டி அது. அவன் அன்று உயிரோடு எழுந்தது அதிர்ஷ்டம், திறமை இல்லை. ஸ்விட்ச்சைத் தாண்டி வயரை நேராக இழுத்து முறுக்கினான். அடுப்பு ஓடியது.

கதவைத் திறந்து பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கணம் யோசித்தான். பிறகு கதவைத் தள்ளிவிட்டு, ஓட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மனைவியிடம், "ஓடுது பாரு" என்றான். அவனும் ஒன்றைச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. மகள் சூடாகச் சாப்பிட்டாள். எங்கள் அப்பா கப்பலும் செய்வார் அடுப்பும் செய்வார் என்று பள்ளியில் அளந்துவிட்டாள். அம்மா தான் கேட்ட பாடத்தை வரிவிடாமல் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கடைசி வரியையும் சேர்த்து.

மாடி வீட்டில் தினமும் விசாரணை. அடுப்பு ஓடுகிறதா, நல்லா இருக்கிறதா, என் கைராசி அப்படி. விசாரித்த கையோடு ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்துவிடு, ஃபேனில் தூசி படிந்திருக்கிறது பார் என்று இரண்டு வேலை கூடுதலாக வந்து விழும். ஒருத்தர் இவ்வளவு பெரிய பொருளைக் கொடுத்திருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? வேலைக்காரி ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாள்.

அன்று வாயாடி பள்ளியிலிருந்து வந்து பால் காய்ச்ச வைத்தாள். சட்டை மாற்றிவிட்டு வருவதற்குள் கோப்பையில் நுரை கட்டி ஏறி விளிம்பைத் தாண்டியது. அவள் பதறவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே கதவைத் திறந்தாள். திறந்தால் நின்றுவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். கையை உள்ளே விட்டுக் கோப்பையைப் பிடித்தாள்.

அடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. விரல்களுக்குள் எலும்பிலிருந்தே தீப்பிடித்தது போல் இருந்திருக்கிறது. கோப்பையை வெடுக்கென்று இழுத்தாள். கொதித்த பால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொட்டியது. அலறல் கேட்டுப் பக்கத்து அறைத் தையல்காரி ஓடி வந்தாள். ஸ்விட்ச்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினாள். அதுவரை சரி. அப்புறம் பல் தேய்க்கும் பேஸ்ட்டைப் பிதுக்கிக் கையெல்லாம் அப்பிவிட்டாள்.

சேதி கேட்டு அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள். நர்ஸ் அந்தப் பேஸ்ட்டைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை துடித்தது. நர்ஸுக்குக் கோபம் வந்தது. "பேஸ்ட்டு பல்லுக்குத்தான்மா. தீக்காயத்துக்குத் தண்ணி. குழாயத் திறந்துவிட்டு நல்லா நேரமெடுத்துக் கையைக் காட்டணும். இதை யாருமே உங்களுக்குச் சொல்லலையா?" என்றாள். யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் பால் கொட்டியது தெரிகிறது, விரல்களில் அது படவே இல்லையே, அங்கே எப்படிச் சுட்டது என்று பிள்ளையையே கேட்டார். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லும் வாயாடி, மூன்றே வார்த்தை சொன்னாள்.

"கதவைத் திறந்தேன். நிக்கல."

டாக்டரம்மா பெற்றவர்கள் பக்கம் திரும்பினார். "திறந்தா நிக்காத மைக்ரோவேவ் எங்கயும் விக்கிறதில்ல. யாரோ கை வெச்சு நிக்காமப் பண்ணியிருக்காங்க. யாரு?"

வெல்டர் சுவரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "நான்தான்" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்று அழைத்து வந்தவள், அப்போது முதல்முறையாக மாற்றிக் கேட்டாள். "நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"யாரு பாத்துக்குவா? பத்து வயசுப் புள்ளையா?"

காயம் ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா. ஆனால் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாக மடங்குமா என்பது கட்டுப் பிரித்துப் பயிற்சி கொடுத்த பிறகுதான் தெரியும் என்றார். வலது கை. எழுதுகிற கை.

சில நாள் வேலைக்கு வர முடியாது என்று சொல்ல அவள் மாடி வீட்டுக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட வீட்டுக்காரம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தில்தான் அவளை அறியாமல் அது வெளியே வந்தது.

"அந்த சர்வீஸ்காரர் அன்னைக்கே சொன்னாரு. கதவு போயிடுச்சு, இனிமே ஓட்டாதீங்க, வயரை வெட்டித் தூக்கிப் போட்டுடுங்கன்னு. என் பையனை நான் அது பக்கத்துலயே விடல பாரு."

வேலைக்காரி செருப்பைப் போடப் போனவள் நின்றாள். "அப்புறம் ஏம்மா எனக்குக் குடுத்தீங்க?"

வீணாகப் போகிறதே என்றுதான், உனக்காவது உதவும் என்றுதான் என்று வீட்டுக்காரம்மா இழுத்தாள். பழைய சாமான் எடுக்கிறவன் மாடி ஏற மாட்டேன் என்கிறான், கீழே கொண்டுவந்து வையுங்கள் என்கிறான், லிஃப்ட்டும் ஓடவில்லை, யார் தூக்குவது என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"அப்ப நான் தூக்கிட்டுப் போனது உங்க குப்பை. குப்பையச் சுமந்துட்டு, அதுக்கு நன்றின்னு உங்க வீட்டு ஜன்னலையும் துடைச்சிருக்கேன்."

வீட்டுக்காரம்மாவின் முகம் சிவந்தது. மனசாரக் கொடுத்தேன், இப்படிப் பேசுகிறாயே என்றாள். வயரை இழுத்துவிட்டது உன் வீட்டுக்காரர்தானே, நானா என்றாள். அது பொய்யில்லை.

"அவன் பண்ணினதை அவன்கிட்டக் கேட்டுட்டேன். நீங்க பண்ணினதை உங்ககிட்டக் கேக்குறேன். உங்க பையன் பக்கத்துல போகக் கூடாத பொருள், என் பொண்ணு பக்கத்துல எப்படிம்மா போகலாம்? அவளுக்குத் தோல் என்ன தகரத்துல செஞ்சதா?"

வீட்டுக்காரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு நன்றாக மூடிக்கொண்டது. வாரம் முடிவதற்குள் அந்த வீட்டில் வேறொருத்தி தரை துடைத்தாள். அவளுக்கும் ஏதாவது ஒன்று மனசாரக் கொடுக்கப்பட்டிருக்கும்.

மகள் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தாள். அடுப்பு மூலையில் கிடந்தது. நலம் விசாரிக்க வந்த தையல்காரியின் கண் அதன் மேலேயே இருந்தது. நல்ல மனுஷிதான், ஆனால் ஆசை யாரை விட்டது? பிள்ளை அவசரப்பட்டுப் பாலைக் கொட்டிக்கொண்டால் மெஷின் என்ன செய்யும் என்று பேச்சை ஆரம்பித்தாள். நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன், நான் என்ன சின்னப்பிள்ளையா, ஓடும்போது கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கனம் பார்த்தாள்.

வெல்டர் தலையை நிமிர்த்தாமலே, "எடுத்துட்டுப் போங்கக்கா. அது என் கண்ணுல படாம இருந்தாப் போதும்" என்றான்.

வாயாடியின் அம்மா எழுந்து போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"மாடி வீட்டம்மாவும் இதைத்தான் நெனச்சா. கண்ணுல படாம இருந்தாப் போதும்னு. அவளைத் திட்டின வாயி இன்னும் காயல எனக்கு. அதுக்குள்ள நீயும் அவளா மாறுறியா?"

வெல்டர் மகளின் கட்டைப் பார்த்தான். பிறகு எழுந்தான். பிளக் தனியாகத் தரையில் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். வேலைப்பையிலிருந்து வெட்டுக் குறடை எடுத்து, வயரை அடியோடு வெட்டினான். இரும்புத் தகட்டில் அளவு குறிக்கும் சாக்கட்டியை எடுத்து, அடுப்பின் நெற்றியில் 'கதவு போச்சு, ஓட்டாதே' என்று பெரிதாக எழுதினான். இதை நானே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய மின்சாமான் எடுக்கிற இடத்தில், விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான். தையல்காரிக்கு அவன் சொன்னது இது:

"அக்கா, அது கெட்ட மெஷின் இல்ல. கதவு சாத்தலைன்னா ஓட மாட்டேன்னு ஒழுங்காத்தான் நின்னுச்சு. நம்மளைக் காப்பாத்த நின்னதை நான் கோளாறுன்னு நெனச்சேன். அதை ஏமாத்தி ஓட வெச்சதைத் தொழில்னு நெனச்சேன். வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட என் பொண்ணு கைய விட்டிருக்க மாட்டா."

தையல்காரி தூக்கிய பக்கத்தை மெல்லக் கீழே வைத்தாள். நல்லா ஓடுற பொருளாச்சே, இப்படி வீணாகிறதே என்று முனகினாள்.

"வீணாப் போகட்டும்க்கா" என்றாள் வாயாடியின் அம்மா. "பொருள் போனா ஆறினதைத் தின்னுட்டு இருந்துக்கலாம். விரல் போனா எங்க போய் வாங்குறது? கதவு ஒழுங்காச் சாத்தாத அடுப்பை யாரும் ஓட்டவும் கூடாது, தெரியாதவங்க பிரிச்சு மேயவும் கூடாது. ஒண்ணை மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்க. நம்ம புள்ளையைத் தொட விடாத பொருளை இன்னொருத்தர் புள்ளைகிட்டக் குடுக்கறதுக்குப் பேரு உதவி இல்ல. ஆபத்துன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுக் குடுத்தா, அந்தப் புள்ளை கையச் சுட்டது அடுப்பு இல்ல, குடுத்தவங்கதான்."