கம்பளிச் சட்டையைக் கவ்விய பிரேக்

மழை விடட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பெர்கன் நகரத்தில் யாருக்கும் கல்யாணமே ஆகாது. ஆகவே மழையோடு மழையாக இன்றைக்கே பேசிவிடுவது என்று ஒட்வார் முடிவு செய்திருந்தான்.

அவன் பள்ளியில் இசை ஆசிரியர், வயது நாற்பத்தாறு. மூன்று வருடமாக அவனோடு சேர்ந்து சுற்றும் சுன்னிவா, பயணிகள் படகில் இன்ஜின் பார்ப்பவள். வடக்கே பூடோவில் ஒரு பெரிய கப்பலில் அவளுக்கு வேலை வந்திருக்கிறது. நாலு மணிக்குப் போன் வரும். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் சொல்லியாக வேண்டும். இப்போது மூன்றரை.

போகாதே. இந்த ஒரு வார்த்தைதான் அவன் சொல்ல வேண்டியது. ஆனால் சுன்னிவா கராஜில் அவன் காரின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருந்தாள்.

"போறேனோ இருக்கேனோ, இந்தக் கிறீச் சத்தத்த முடிச்சுட்டுத்தான் மறுவேல" என்றாள்.

அந்தக் காரில் கையால் இழுக்கும் பிரேக் கிடையாது. பட்டனை மேலே தூக்கினால், பின்சக்கரத்தில் ஒரு குட்டி மோட்டார் பிஸ்டனைத் தள்ளி, பிரேக் பேடை இறுக்கிப் பிடிக்கும். பேடை மாற்றுவதற்கு முன் அந்த மோட்டாரைத் தூங்க வைக்க வேண்டும்.

"சாவியத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத."

"திருப்பிட்டேன்."

"ஆக்சிலரேட்டர மிதிச்சுக்கிட்டே பட்டன மூணு தடவ கீழ அமுக்கு."

"சுன்னிவா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எத்தன தடவ அமுக்கின?"

"ரெண்டு. இல்ல, நாலு."

"ஏன் வாத்தியாரே, மூணு வரைக்கும் எண்ண வரல, பசங்களுக்கு எப்படித் தாளம் சொல்லித் தர்ற?"

ஐந்தாவது முயற்சியில் மோட்டார் முனகிவிட்டு அடங்கியது. அவள் பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுப் பேடுகளை வைத்து, அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மேலே இறக்கத் தொடங்கினாள்.

"இனிமே எதையும் தொடாம உக்காரு."

உட்கார்ந்தான். மணி மூன்று ஐம்பது. இதை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லக்கூடாது என்று தோன்றியது. இறங்கினான். பெர்கன் முழுக்கச் சரிவு. அங்கே பிறந்தவர்களுக்குக் காரை விட்டு இறங்கும்போது கை தானாகவே பிரேக்கைப் போட்டுவிடும்; தரை சமமா என்றெல்லாம் அது யோசிக்காது. ஒட்வாரின் கையும் யோசிக்கவில்லை.

ர்ர்ர் என்றது மோட்டார்.

"ஒட்வார்."

குரல் அமைதியாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தான். விரல்கள் பத்தும் பத்திரம். ஆனால் அவளுடைய கம்பளிச் சட்டையின் கைநுனியைப் பிஸ்டனும் பேடும் சேர்ந்து கவ்வியிருந்தன.

"கத்திரி கொண்டு வரட்டா?"

"எங்கக்கா ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்து பின்னினது. கத்திரியோட கிட்ட வந்த, அவ்வளவுதான்."

அவள் பேன்ட் பின்பாக்கெட்டில் போன் அடித்தது. பத்து நிமிடம் முன்னதாகவே.

"அவங்கதான்" என்றாள். "அந்த இன்ஜின நீ பாக்கணுமே. ரெண்டு மாடி உயரம், ஒட்வார்."

மூக்கில் கரி, கை மாட்டியபடி, கண் மட்டும் மினுங்கியது. அந்த முகத்தைப் பார்த்து 'போகாதே' என்று எப்படிச் சொல்வது?

"நானும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டான்.

"பூடோவுக்கா? அங்க என்ன பண்ணுவ?"

"அங்கயும் பசங்க தப்புத் தப்பா வாசிப்பாங்கல்ல?"

அவள் சிரித்த சிரிப்பில் ஜாக்கியே ஆடியது.

"இதக் கேக்கவா ஒரு வாரமா முழிச்சுக்கிட்டுத் திரிஞ்ச? போன எடுத்து என் காதுல வை."

வைத்தான்.

"சுன்னிவாதான் பேசறேன். வர்றேங்க. வீடு மட்டும் ரெண்டு பேருக்குப் பாருங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"நாயா? இல்லிங்க, மனுஷன்தான். சாது. கார்ல மட்டும் தனியா விட முடியாது."